தணிக்கைக் குறிப்பு ஏழுக்கு விளக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,
ஆகஸ்ட் மாதப் பக்கத்தில்
சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறீர்கள்.
ஒரே ஞாயிறு, ஒரே சேவல்,
ஐந்து வரவு.
ஐந்து சேவலா, ஐந்து பிழையா
என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேவல் ஒன்றுதான்.
வெள்ளை. இடது காலில் ஒரு நகம் இல்லை.

கையில் காசில்லாதவர்கள் விளைந்ததைக் கொண்டுவருவார்கள்,
ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம்.
கிளிமஞ்சாரோவின் இந்தச் சரிவில் நீங்களும் பிறந்தவர்தான்;
கீழே நகரத்து அலுவலகத்தில்
மறந்திருக்கலாம்.
அன்று வந்தவை வாழைத்தார் மூன்று,
சுரைக்குடுவையில் பால்,
முட்டை பன்னிரண்டு
(பதினொன்று என்றிருக்கும்; ஒன்றை எலிரெஹேமா மிதித்துவிட்டார்,
அதற்கும் காசு கட்டினார், அது வேறு வரியில்).

சேவல் ஐகாண்டேயினுடையது.
வாழைநாரில் கால் கட்டி
பிரசங்கம் முழுக்க மடியில் வைத்திருந்தார்.
பேதுருவைப் பற்றிய பிரசங்கமாயிருந்தால் பொருந்தியிருக்கும்,
அன்று தாலந்துகள்.
இருந்தாலும் கூவியது.
போதகர் நிறுத்தி, அதற்கு ஒரு ஆமென் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

ஏலம் கூறுபவர் எலிரெஹேமா,
பித்தளை வாத்தியக் குழுவின் டியூபாக்காரர்.
டியூபாவைத் தோளிலிருந்து இறக்காமலே விலை சொல்வார்.

முதல் வரவு, பதினெட்டாயிரம் ஷில்லிங்:
மினிபஸ் ஓட்டும் மங்கோவி.
சேவலை வாங்கி, கையாலேயே எடை பார்த்து,
"கூரைத் தகரத்துக்கு" என்று
திரும்ப மேசையில் வைத்தார்.
இரண்டாவது, இருபதாயிரம்:
பாடகர் குழுவில் ஆல்டோ பாடும் பெண்கள்
முந்தானை முடிச்சவிழ்த்துச் சேர்த்த சில்லறை.
எண்ணி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.
அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள்.
வாங்கியதை மறுபடி படைத்தால்
இங்கே கைதட்டுவார்கள்;
உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாவது, முப்பதாயிரம்: அனாயெலி.
நான்காவது, முப்பத்தோராயிரம்: அவர் தம்பி கிரிட்டா.

காப்பித் தோட்ட எல்லையில் ஒரு வாய்க்கால்,
பதினோரு ஆண்டு.
ஒருவர் முதல் ஆராதனைக்கு வருவார்,
மற்றவர் இரண்டாவதற்கு.
அன்று போதகருக்குத் தொண்டை கட்டியதால்
இரண்டையும் ஒன்றாக்கியிருந்தோம்.
அண்ணன் திருப்பி வைத்த சேவலைத்
தம்பி கேட்டபோது
யாரும் மேலே கேட்கவில்லை.
டியூபாவுக்குள் காற்று போகிற சத்தம் கேட்டது.

கிரிட்டாவிடம் ஆயிரத்தைந்நூறு குறைந்தது.
"நாளைக்கு" என்றார். எழுதிக்கொண்டேன்.
திங்கள் காலை காணிக்கைப் பெட்டியில் அந்தத் தொகை கிடந்தது,
காப்பிச் சங்கத்து ரசீதில் மடித்து,
பெயர் இருந்த ஓரம் கிழிக்கப்பட்டு.
செவ்வாய்க்கிழமை கிரிட்டா வந்து
அவருடைய ஆயிரத்தைந்நூறைக் கட்டினார்.
"உபரி, கொடுத்தவர் பெயரில்லை" என்ற
உங்கள் எட்டாவது குறிப்புக்கும் இதுவே பதில்.
கிரிட்டா சங்கத்துக்குக் காப்பி போடுவதில்லை.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐந்தாவது வரவு, இருநூறு.
முப்பத்தோராயிரத்திலிருந்து இருநூறா, நட்டமா
என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.
எலிஷிலியாவுக்கு ஆறு வயது.
காணிக்கைத் தட்டு தாண்டிப் போகும்போது
போடாமல் வைத்திருந்த நாணயம்;
என் கைக்கு வந்தபோது சுட்டது.
ஒரு தரம், என்றார் எலிரெஹேமா.
இரண்டு தரம்.
பிறகு கூட்டத்தை
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார்.
முந்நூறு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மூன்று தரம்.

திருப்பித் தர வேண்டுமென்று அவளுக்குத் தெரியாது.
யாரும் சொல்லவுமில்லை.
கொண்டுபோய்விட்டாள்.
நட்டமென்று எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.

ஏல வரவு தொண்ணூற்றொன்பதாயிரத்து இருநூறு,
முட்டையும் பாலும் தாரும் நீங்கலாக.
தகரம் மூன்று, ஆணி ஒரு கிலோ; பில் இணைத்திருக்கிறேன்.
கையிருப்பில் சேவல் இல்லை.
அது என் பின்வீட்டில் இருக்கிறது,
நாலு மணிக்குக் கூவுகிறது,
இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் அப்போதுதான்.

நோட்டைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள்,
ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும்.

இப்படிக்கு,
முனுவோ,
பொருளாளர்.